பெரிய மணிக்கு மூன்றாம் வகுப்பில் இடமில்லை

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். லாலாகுடாவிலிருந்து வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்லிவிட்டால், பிறகு என் மீசைக்கு மரியாதை இருக்காது. சென்ற அக்டோபரில் சிக்கந்தராபாத்துக்குப் போன நான், இறந்துபோன என் மச்சானுக்காக, முன்பின் தெரியாத ஓர் இஞ்சின் டிரைவரைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் கதறி அழுதேன். அவரும் அழுதார். அவர் மனைவியும் அழுதாள். அந்த வீட்டில் யாருமே சாகவில்லை.

விவரத்துக்கு வருகிறேன். என் அக்கா ஞானம்மாளின் புருஷன் சவரிமுத்து, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப்பட்டறை மேஸ்திரி. திருச்சிப் பக்கத்திலிருந்து போய் அங்கேயே வேரூன்றிவிட்ட மனிதர். செப்டம்பரில் நெஞ்சுவலி என்று படுத்தார்; எழுந்திருக்கவில்லை. தந்தி சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. லீவு கேட்டேன். மனைவி இறந்தால் ஒரு வாரம், தகப்பனார் இறந்தால் அதில் பாதி, மச்சான் இறந்தால் அனுதாபம் மட்டும் என்று எங்கள் மானேஜர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மச்சான் என்பவர் நெருங்கிய உறவினர் அல்லவாம். துக்கத்தில்கூட இத்தனை வகுப்புகளா என்று அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. அது வெறும் முன்னுரைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பதாம் நாள் பூசைக்காவது போய்ச் சேரலாம் என்று, எனக்கே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ட்ரலில் மாலை ஏழு மணிக்கு வண்டி. பெஜவாடா வரும்போது பொழுது விடியும். அங்கே முகம் கழுவிக்கொள்ளுங்கள், காப்பி மட்டும் குடிக்காதீர்கள். அது காப்பி என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் நம்பவேண்டாம். பத்து மணி வாக்கில் காசிப்பேட்டையில் இறங்கி வண்டி மாறவேண்டும். அங்கிருந்து எண்பது மைல் சொச்சம். பாறைகள், சீத்தா மரங்கள், மறுபடியும் பாறைகள். மூன்றரைக்குச் சிக்கந்தராபாத். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒன்பது ரூபாய்க்குச் சில்லறை குறைவு. உட்காரும் பலகை என் முதுகில் பதித்துவிட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து லாலாகுடா இரண்டு மைலுக்குள்தான். ஜட்காவில் நாலணா. நிஜாம் ராஜ்யத்தில் இரண்டு விதமான ரூபாய் நடமாடுகிறது: நிஜாமுடையது ஹாலி, நம்முடையது கல்தார். நம்முடையதற்கு மதிப்புக் கூடுதல். இது தெரியாமல் கல்தாரில் கொடுத்த என்னை ஜட்காக்காரர் மிகுந்த மரியாதையுடன் கைகொடுத்து இறக்கிவிட்டார். அந்த மரியாதையிலேயே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. ஒரே செங்கல், ஒரே பச்சைக் கதவு, ஒரே முருங்கை மரம். பத்து வருஷம் கழித்துப் போகிறேன். துக்கம் கேட்கப் போகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும்: அடக்கத்துக்கு வராத உறவுக்காரன் தெருமுனையிலேயே குரலை எடுத்துவிடவேண்டும், வாசலுக்கு வந்து சேருவதற்குள் சுருதி ஏறியிருக்கவேண்டும். நான் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "மச்சான், என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே மச்சான்" என்று அழுதபடி ஒரு வாசலில் ஏறினேன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் க்ஷவரம் செய்துகொண்டிருந்தார். சவரிமுத்துவின் தம்பி என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். "எவரு? எவரு போயாரு?" என்று அவர் தெலுங்கில் நடுங்கினார். நான் "போயிட்டாரு, போயிட்டாரு" என்று கதற, தன் வீட்டு மனிதர் யாரோ ஊரில் போய்விட்டார் என்று நினைத்து அவரும் என் தோளில் விழுந்தார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, யார் என்று கேட்காமலே மார்பில் அடித்துக்கொண்டாள். நுரை என் மீசைக்கு மாறிய பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. நல்ல மனிதர்கள். அடிக்கவில்லை. "சவரிமுத்து காரா? பக்க லைன்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் விட்டார்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், அக்கா வீட்டில் அழுவதற்கு என்னிடம் சரக்கு மிச்சமில்லை.

அக்காவும் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "வா தம்பி. மூஞ்சியில என்ன நுரை?" என்றாள். அவ்வளவுதான். அவள் பெண் ரோஸி, பதினைந்து வயது, அம்மா அழுதாளா என்று நான் தமிழில் கேட்டதற்கு, அந்த ஊர் வழக்கப்படி உருதுவையும் இங்கிலீஷையும் கலந்து பதில் சொன்னாள்: "நக்கோ மாமா, ஷீ ஹாஸின்ட் க்ரைட் அட் ஆல்." புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். சோறு வடிக்கிறாள், துணி துவைக்கிறாள், கோவில் கோபுரம் தெரியாதபடி ஜன்னலைச் சாத்தி வைக்கிறாள்.

ஏன் என்று மறுநாள் காலை அவளே சொன்னாள்.

"பெரிய மணி அடிக்கலடா அவருக்கு. அந்த மணியோட நாக்கு யாரு அடிச்சது? பழசு தேஞ்சு போய் ஒடைஞ்சப்ப இவருதான் உலையில வச்சு, இவ்ளோ தடியா அடிச்சு, தோள்ல தூக்கிட்டுப் போய் மாட்டிட்டு வந்தாரு. ஆகஸ்ட்டுல மாதா திருநாளுக்கு அடிச்சப்பகூட வாசல்ல நின்னு காதை வச்சுக்கிட்டு, சத்தம் சரியில்ல ஞானம், நாக்கு ஒரு பக்கம் தேயுதுன்னாரு. அவரு செத்ததுக்குச் சின்ன மணிய டிங்கு டிங்குன்னு அடிக்கிறான். பால்காரன் மணி மாதிரி."

"ஏன் அப்படி?"

"மூணாம் வகுப்பாம்."

இப்போது நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். கோவிலுக்குப் போய்க் கோயில்பிள்ளை சூசையைப் பிடித்தேன். மணியடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. எலும்பும் தோலுமான, பணிவான மனிதர். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்காரவேண்டியவர் தவறிப்போய்க் கோவிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டற காசுக்குத் தக்கபடி மூணு வகுப்புங்க. மொத வகுப்புன்னா பெரிய மணிங்க. பாட்டுப் பூசை. நடுவுல மூணு படி வச்ச மேடை, மேல பெட்டி, கறுப்பு வெல்வெட்டு, சுத்தி இருபத்தினாலு மெழுகுவத்தி. ரெண்டாவதுன்னா ஒரு மேசைங்க, பன்னெண்டு மெழுகுவத்தி. மூணாவதுன்னா தரையில கறுப்புத் துணிய விரிச்சு நாலு மூலைக்கு நாலு."

"ரயிலில் மாதிரி நடுவில் இன்ட்டர் கிளாஸ் கிடையாதா?"

அவர் யோசித்தார். "அது இங்க வழக்கமில்லீங்க."

கேட்டுக்கொள்ளுங்கள். முப்பதாம் நாளில் பிணம் ஏது? மேடைமேல் இருக்கும் பெட்டி வெறும் பெட்டி. ஆள் இல்லாத பெட்டிக்கு வெல்வெட்டும் மூன்று படியும். மூன்றாம் வகுப்பில் அந்த இல்லாத ஆளுக்கு வெறும் பெட்டிகூட இல்லை, தரையில் துணி. ரயிலில் வகுப்பு வைத்தார்கள், சரி. முதல் வகுப்பில் மெத்தை உண்டு, முதுகு வலிக்காது. செத்தவனுக்கு எந்த முதுகு? ரயிலில்கூட மூன்றாம் வகுப்புக்காரனுக்கு வேறு இஞ்சின், வேறு ஊதல் என்று கிடையாது. ஒரே ஊதல்தான் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போகிறது. சர்வேசுரனுடைய சன்னிதியில் மட்டும் ஊதல் தனித்தனி. மோட்சத்துக்கு முன்னால் ஆத்துமாக்கள் காத்திருக்கும் உத்திரிக்கிற ஸ்தலத்திலும் வெயிட்டிங் ரூம் கதவில் வகுப்பு எழுதியிருக்கிறதா என்று சூசையைக் கேட்டேன். அவர் கோபுரத்தை ஒருமுறை பார்த்தார், பிடரியைச் சொறிந்தார், "பெரிய சாமியத்தான் கேக்கணுங்க" என்றார்.

"வித்தியாசத்தைக் கட்டி வகுப்பு மாற்றிக்கொள்ளலாம், நான் தருகிறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாலு வயசுப் பையன் ஆகிவிட்டேன்.

"அவரு அடிச்ச நாக்கு. அது பேசறதுக்கு நான் காசு தரணுமா? சும்மா அடிக்கட்டும். ஒரு தடவ. இல்லன்னா வேணாம்."

பெரிய சாமியாரிடம் போனேன். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர்; தாடி நெஞ்சு வரை. என் இங்கிலீஷை வெளுத்து வாங்கலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைவிட நல்ல தமிழில், "மகனே, மணி அடிக்க முடியாது" என்றார். ஏன் என்றேன். "முடியாது" என்றார். மச்சான் செய்த நாக்கு என்றேன். "தெரியும். நல்ல மனிதர். அவருக்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் வேண்டிக்கொள்கிறாராம், சின்ன மணி அளவுக்கு. வெளியே வந்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் பத்திரிகாசிரியர் என்னை மூன்றாம் வகுப்பில் புதைத்துவிடுவார்.

வாசலில் காதர் பாய் காத்திருந்தார். சவரிமுத்துவுக்கு எதிரில் நின்று சம்மட்டி அடித்தவர், பதினெட்டு வருஷம். தமிழை உலையடியில் கற்றுக்கொண்டவர். ஆகவே வசவுகள் மட்டும் சுத்தமாக வரும்; 'ஏன்' என்பது 'கைக்கு' என்றுதான் வரும். "சாமி, மூஞ்சி கைக்கு இப்டி? வாங்க, மலைக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

மௌலா அலி தர்கா மலை மூன்று மைல். போகிறவர்கள் வெயில் தாழ்ந்து போங்கள். படிகள் ஐந்நூறுக்குக் குறையாது, நான் பாதியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏறும்போது வகுப்பு யாரும் கேட்கவில்லை. அங்கேயும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விடுவேனா: செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு காசு, ஷூவுக்கு இரண்டு காசு. "கால்ல ஆரம்பிச்சுட்டான் பாருங்க இங்கே" என்றேன். காதர் பாய் சிரித்தார். உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்தி, "மேஸ்திரிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். எந்த மேஸ்திரி, என்ன ஜாதி, எத்தனை மெழுகுவர்த்தி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் லாலாகுடாவின் புகைபோக்கிகள், பக்கத்தில் எங்கள் கோவில் கோபுரம், கடுகு மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலரை ஆயிற்று. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. நீராவிச் சங்கு, மூன்று மைல் தாண்டி, பாறையில் முட்டி, என் பல்லை ஆட்டிற்று.

"இது எந்த வகுப்புக்கு சாமி?" என்றார் காதர் பாய்.

நான் ஆடிய பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"காலையில ஆறரைக்கு மொத சங்கு. நாளைக்கும் ஊதும். யாரு நக்கோன்னு சொல்லுவான்? உங்க பூசை எத்தனை மணிக்கு முடியும்?"

பூசை ஐந்தேமுக்காலுக்கு. முடிந்ததும் சாமியார் பீடத்திலிருந்து இறங்கிவந்து, கறுப்புத் துணியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்த நேரத்தில்தான் மணி அடிக்கும். அது ஆறேகாலுக்கு. கால் மணி நேரம் இடிக்கிறது. சங்கை முன்னால் இழுக்க முடியாது. பூசையைப் பின்னால் தள்ளவேண்டும். ஒரு கத்தோலிக்கப் பூசையைக் கால் மணி நேரம் தள்ளிப்போட ஒரே ஒரு சட்டபூர்வமான வழிதான் உண்டு. அந்த வழிக்கு வேண்டிய மூலதனம் என்னிடம் ஏராளமாக இருந்தது.

மறுநாள் பூசைக்கு முன்னால் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன். சாமியார் காதைத் தடுப்புச் சல்லடையில் வைத்தார். ஆறு வருஷப் பாக்கி. ஆனாலும் என் சொந்தப் பாவங்கள் ஏழெட்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. ஒரு மனிதனுடைய வாழ்நாள் அக்கிரமம் இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் விரித்துச் சொன்னேன். பிறகு எங்கள் தெருக்காரர்களுடைய பாவங்களை எடுத்துக்கொண்டேன்; அவை எனக்கு என்னுடையவற்றைவிட நன்றாகத் தெரியும். மாடிவீட்டுக்காரர் ஈரோட்டில் வைத்திருக்கும் இரண்டாவது குடித்தனத்தை விவரிக்கும்போது சாமியார் மெல்ல, "மகனே, இன்னும் இருக்கிறதா?" என்றார்.

"முக்கியமானது இப்போதுதான் வருகிறது, சாமி."

வாசலில் காதர் பாய் நின்றார். நேரம் ஆனதும் இருமுவதாக ஏற்பாடு. அவர் இருமுகிற வரை மானேஜரின் பாவங்களில் கால் வைத்திருந்தேன். இருமல் வந்ததும் சட்டென்று எல்லாப் பாவங்களுக்கும் மனஸ்தாபப்பட்டு முடித்துவிட்டேன். அபராதமாக, ஜெபமாலை உருட்டும் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் ஒன்பது நாளைக்கு.

கோவிலில் ஒர்க்‌ஷாப்காரர்கள் நீல உடுப்போடு வந்து நின்றிருந்தார்கள்; சங்கு ஊதியதும் கேட்டுக்கு ஓடவேண்டியவர்கள். என் இஞ்சின் டிரைவரும் மனைவியோடு வந்திருந்தார். நுரை இல்லாமல் பார்த்தால் கம்பீரமான ஆள். நடுவில் தரையில் கறுப்புத் துணி. நாலு மெழுகுவர்த்தி. அதைத் தாண்டிப்போன யாரோ ஒருவருடைய குடையிலிருந்து மழைநீர் சொட்டித் துணியின் ஒரு மூலை நனைந்திருந்தது. அக்கா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்தது. சாமியார் கறுப்பு அங்கியோடு இறங்கி வந்தார். லத்தீனில் பாட ஆரம்பித்தார். சூசை கயிற்றை இழுத்தார். டிங்கு. டிங்கு. அக்காவின் உதடு மடிந்தது. நான் வாசலில் நின்ற காதர் பாயைத் திரும்பிப் பார்த்தேன், ஒருவேளை மானேஜரை அதிகமாக இழுத்துவிட்டேனோ என்று.

அப்போது சங்கு எடுத்தது. முதலில் அடித்தொண்டையில் உறுமிற்று; பிறகு ஏறிற்று; ஏறிக்கொண்டே போயிற்று. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மெழுகுவர்த்திச் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சாமியாரின் லத்தீன் மூழ்கிப்போயிற்று. தீர்த்தச் செம்போடு தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து, அது முழுவதும் ஊதித் தீரும் வரை துணியின் பக்கத்திலேயே நின்றார். நீல உடுப்புக்காரர்களில் ஒருவரும் கேட்டுக்கு ஓடவில்லை. டிரைவரின் மனைவி, இந்தத் தடவை சரியான வீட்டுக்காக, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அக்கா அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சங்குக்குப் போட்டியாக அழுதாள். சங்கு நின்றது, அவள் நிறுத்தவில்லை. ரோஸி அவளைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல்முறையாகத் தமிழில், "அம்மா, அழும்மா" என்றாள்.

வெளியே வந்ததும் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "தினம் ஊதறதுதானடா இது?"

"ஆமாக்கா."

"மௌலா அலி வரைக்கும் கேட்டிருக்கும்ல?"

"நேற்று நானே கேட்டேன்."

"பெரிய மணி அவ்ளோ தூரம் போவாது." வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்தாள். எனக்கு இட்லி வைத்தாள். "பாவசங்கீர்த்தனத்துல அவ்ளோ நேரம் என்னடா பண்ணே? ஊர்ல என்னடா பண்றே நீ?" என்று விசாரணையையும் ஆரம்பித்தாள். அந்த விசாரணை நான் ரயில் ஏறும் வரை ஓயவில்லை.

லாலாகுடாப் பக்கம் துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனைகள்: வீட்டு நம்பரைக் கேட்டுக்கொண்டு பிறகு அழுங்கள். சில்லறையை ஹாலியாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மௌலா அலிக்குச் செருப்போடு போங்கள், ஷூ வேண்டாம். உங்கள் ஊர்க் கோவிலில் செத்தவர்களுக்கு எத்தனை வகுப்பு என்று உயிரோடு இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். விசாரிக்கும்போது நாலு பேர் காதில் விழும்படி உரக்கக் கேளுங்கள். மெழுகுவர்த்தியை எண்ணி சர்வேசுரன் ஆளை அடையாளம் கண்டுகொள்வார் என்று நம்புகிறவர்கள் சர்வேசுரனை ஒரு டிக்கெட் பரிசோதகராக்கிவிட்டார்கள். இதை நான் எங்கும் சொல்வேன். பூசைப் பீடத்துக்கு முன்னால் நின்றும் சொல்வேன்.

ஒன்று பாக்கி. சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்த காதர் பாயிடம், அந்தத் தாடிக்காரர் ஒரு மணியை அடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று மறுபடியும் கொதித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எதை வச்சு அடிப்பாரு சாமி? நாக்கு நம்ம உலைக்குப் பின்னால சாம்பல்ல கெடக்கு" என்றார். மாதா திருநாள் முடிந்த வாரம் சவரிமுத்துவே அதைக் கழற்றிக்கொண்டு வந்து, ரயில்வே கரியில், ரயில்வே இரும்பு சேர்த்து, ஆபீசுக்குத் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பாதி வேலையில் போய்விட்டார். ரயில்வே சொத்தில் கைவைத்தார் என்று வெளியே தெரிந்தால் அக்காவுக்கு வரவேண்டிய கிராஜுவிட்டி நின்றுபோகும் என்று, சூசையின் வாயையும் காதர் பாயின் வாயையும் கட்டிப்போட்டவர் பெரிய சாமியார்தான். கிராஜுவிட்டி போன மாதம் கைக்கு வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். ஆகஸ்ட்டிலிருந்து அந்தப் பெரிய மணி எந்த வகுப்புக்கும் அடிக்கவில்லை.